கடுகெண்ணெய்ப் புட்டியில் ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்று ஏன் அச்சிடுகிறார்கள்?

அமெரிக்காவில் வசிக்கும் தமிழர் ஒருவர் கேட்டிருப்பது இது. வங்காள நண்பர் வீட்டில் கடுகெண்ணெயில் சமைத்த மீன் பிடித்துப்போனதால், இந்தியப் பலசரக்குக் கடை ஒன்றில் அந்த எண்ணெயை ஒரு புட்டி வாங்கி வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்று அதன்மேல் அச்சிட்டிருக்கிறது. அவர் வழக்கமாக வாங்கும் கனோலா எண்ணெயின் புட்டியிலோ இதயத்துக்கு நல்லது என்னும் விளம்பரம் இருக்கிறது. கடுகும் கனோலாவும் ஒரே செடிதான் என்று ஒருவர் சொல்ல, கனோலாவே மரபணு மாற்றிய நஞ்சு என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். இவற்றில் எது உண்மை, கடுகெண்ணெய் கேடு என்றால் நாம் நாள்தோறும் தாளிக்கும் கடுகின் கதி என்ன என்பதே கேள்வி.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த அச்சுக்குக் காரணம் எருசிக் அமிலம் என்னும் ஒரே ஒரு கொழுப்பு அமிலம். கடுகின் காரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கடுகெண்ணெயால் இந்தியாவில் நேர்ந்த சாவுகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் ஒருவர் அமுதம் என்றும் மற்றவர் நஞ்சு என்றும் சொல்லும் நிலை வருகிறது. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதே நல்லது.

கடுகும் கனோலாவும் ஒரே செடி அல்ல. நெருங்கிய உறவுச் செடிகள். இரண்டும் பிராசிக்கா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. முட்டைக்கோசு, காலிஃபிளவர், நூல்கோல், டர்னிப் எல்லாமே அந்தப் பேரினத்துக்குள்தான் வருகின்றன. இவற்றின் உறவுமுறையை 1935இல் தெளிவாக்கியவர், கொரியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்து ஜப்பானில் ஆய்வு செய்த ஊ ஜாங்-சுன் என்னும் தாவரவியலர். அவர் காட்டியது இதுதான்: டர்னிப் இனத்துக்கு 20 குரோமோசோம்கள், கருங்கடுகுக்கு 16, முட்டைக்கோசு இனத்துக்கு 18, இந்த மூன்றில் இரண்டிரண்டு தமக்குள் கலந்து, இரு பெற்றோரின் குரோமோசோம்களையும் முழுமையாகச் சுமக்கும் புதிய இனங்கள் இயற்கையாகவே தோன்றியுள்ளன. டர்னிப் இனமும் கருங்கடுகும் கலந்து பிறந்தது, 36 குரோமோசோம்கள் கொண்ட நம் அஞ்சறைப்பெட்டிக் கடுகு. அதே டர்னிப் இனமும் முட்டைக்கோசும் கலந்து பிறந்தது, 38 குரோமோசோம்கள் கொண்ட ராப்சீடு; கனோலா பெரும்பாலும் அதிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்டது. பெற்றோரில் ஒருவர் பொது, மற்றவர் வேறு என்று சொல்லத்தக்க உறவு இது. சமையலறையில் முட்டைக்கோசுப் பொரியலுக்குக் கடுகு தாளிக்கும்போது, நாம் அறியாமலே சொந்தக்காரர்களை ஒரே வாணலியில் கூட்டிவிடுகிறோம்.

வட இந்தியாவில் கடுகோடு டர்னிப் இனத்தைச் சேர்ந்த தோரியா, சர்சோன் ஆகிய வகைகளும் எண்ணெய்க்காகப் பயிராகின்றன. அரசுப் புள்ளிவிவரங்கள் இவை எல்லாவற்றையும் சேர்த்தே கணக்கிட்டு ‘ராப்சீடு–கடுகு’ என்று ஒரே தலைப்பில் தருவதால், படிப்பவர்களுக்கு மேலும் குழப்பம் நேர்கிறது. ஆனால் சந்தையில் கடுகெண்ணெய் என்று வருவதில் பெரும்பங்கு நம் கடுகு இனத்திலிருந்து வருவதே. அக்டோபர், நவம்பரில் விதைத்து பிப்ரவரி, மார்ச்சில் அறுக்கும் குளிர்காலப் பயிர் அது. நாட்டின் விளைச்சலில் பாதிக்கு அருகில் இராஜஸ்தான் மாநிலம் ஒன்றிலிருந்தே வருகிறது. பூத்துக் காய் பிடிக்கும் பருவத்தில் வெயில் ஏறினால் விளைச்சல் குறைந்துவிடும் என்பதால்தான், கடுகில்லாமல் ஒரு குழம்பும் இறக்காத தமிழ்நாடு தன் கடுகைப் பெரும்பாலும் வடக்கிலிருந்து வாங்குகிறது.

இனி எருசிக் அமிலத்துக்கு வருவோம். எண்ணெய் என்பது கொழுப்பு அமிலங்கள் சேர்ந்து அமைந்த பொருள். ஒவ்வொரு கொழுப்பு அமிலமும் கரிம அணுக்கள் வரிசையாகக் கோத்த ஒரு சங்கிலி. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் மிகுதியாக இருப்பவை 18 அணுக்கள் கொண்ட சங்கிலிகள். கடுகுச் செடியும் முதலில் 18 அணுக்கள் கொண்ட ஒலிக் அமிலத்தைத்தான் உண்டாக்குகிறது. ஆனால் அதன் விதையில் உள்ள ஒரு நொதி அந்தச் சங்கிலியோடு இரண்டு அணுக்களைச் சேர்த்து இருபதாக்கி, மறுபடியும் இரண்டைச் சேர்த்து இருபத்திரண்டாக்கிவிடுகிறது. அப்படி நீண்டதுதான் எருசிக் அமிலம். வழக்கமான இந்தியக் கடுகெண்ணெயில் இதன் பங்கு ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு. அந்த நொதிக்குரிய மரபணு பழுதுபட்டுவிட்டால் சங்கிலி நீளாது. ஒலிக் அமிலம் ஒலிக் அமிலமாகவே விதையில் தங்கிவிடும். கனோலா எண்ணெயில் ஒலிக் அமிலம் சுமார் 60 விழுக்காடு இருப்பதன் இரகசியம் இவ்வளவுதான்.

அந்தப் பழுதான மரபணுவைத் தேடிய கதை சொல்லத்தக்கது. கனடாவில் ராப்சீடு பெருமளவில் பயிரானது உணவுக்காக அல்ல. நீராவி எஞ்சின்களின் உலோகப் பரப்பில், நீரும் ஆவியும் பட்டாலும் வழுக்கிப் போகாமல் ஒட்டிக்கொள்ளும் தன்மை அந்த எண்ணெய்க்கு உண்டு. ஆகவே இரண்டாம் உலகப் போரின்போது கப்பல் எஞ்சின்களுக்கு மசகெண்ணெயாக அது தேவைப்பட்டது. வெளிநாட்டு வரத்து தடைபட்டதால் கனடா தன் புல்வெளி மாகாணங்களிலேயே பயிரிட்டது. போர் முடிந்ததும் தேவை சரிந்தது. பயிரோ அந்த மண்ணுக்கும் குளிருக்கும் நன்கு பழகிவிட்டிருந்தது. ஆகவே அதை உண்ணும் எண்ணெயாக்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது. மானிடோபா பல்கலைக்கழகத்தில் பால்டர் ஸ்டீஃபன்சன், சஸ்கட்டூனில் கீத் டவுனி ஆகிய இருவரும் அவர்களுடைய குழுவினரும் இந்த வேலையில் இறங்கினார்கள். எருசிக் அமிலம் ஏறத்தாழ இல்லாத செடிகளை, லிஹோ என்னும் ஜெர்மானியத் தீவன ராப்சீட்டு வகைக்குள்ளிருந்து பொறுக்கியெடுத்து 1961இல் அறிவித்தார்கள்.

அதில் என்னை மிகவும் கவர்வது டவுனி கையாண்ட ‘அரை விதை’ உத்தி. விதையின் எண்ணெயைச் சோதிக்க வேண்டுமானால் அதை நசுக்க வேண்டும், நசுக்கிவிட்டால் முளைக்காது, முளைக்காவிட்டால் அந்த நல்ல விதையால் பயனில்லை. கடுகளவே உள்ள அந்த விதைக்குள் இரண்டு விதையிலைகள் இருக்கின்றன. அவர்கள் முளைவிட்ட விதையிலிருந்து ஒரு விதையிலையை மட்டும் கிள்ளியெடுத்து வாயு நிறப்பகுப்புக் கருவியில் எண்ணெயைச் சோதித்தார்கள். முளைக்குருத்தோடு கூடிய மறுபாதியை மண்ணில் ஊன்றி வளர்த்தார்கள். சோதனையில் தேறியதன் மறுபாதி மட்டும் அடுத்த தலைமுறைக்குப் போனது. எருசிக் அமிலம் குறைந்த முதல் வகை 1968இல் வெளிவந்தது. அதன் பின் பிண்ணாக்கில் இருந்த குளூக்கோசினோலேட் என்னும் கந்தகச் சேர்மங்களையும் குறைக்க வேண்டியிருந்தது. கால்நடைகளின் தைராய்டுச் சுரப்பியை அவை பாதித்தன. அந்தக் குணம் ப்ரோனோவ்ஸ்கி என்னும் போலந்து வகையிலிருந்து கிடைத்தது. இரண்டும் குறைந்த ‘டவர்’ என்னும் வகை 1974இல் வந்தது. ‘கனோலா’ என்னும் பெயர் 1978இல் பதிவானது. எண்ணெயில் எருசிக் அமிலம் 2 விழுக்காட்டுக்கும் குறைவாகவும், பிண்ணாக்கில் ஒரு கிராமுக்குக் குளூக்கோசினோலேட் 30 மைக்ரோமோலுக்கும் குறைவாகவும் இருந்தால்தான் அந்தப் பெயரைச் சூட்டலாம். ஆகவே கனோலா என்பது ஒரு தாவர இனத்தின் பெயரன்று. ஒரு தரத்தின் பெயர்.

‘மரபணு மாற்றிய நஞ்சு’ என்பதற்கும் இங்கேயே விடை சொல்லிவிடலாம். மேலே சொன்ன மாற்றம் முழுவதும் பொறுக்கியெடுத்தல், கலப்புச் செய்தல் ஆகிய பழைய வழிகளாலேயே நடந்தது. மரபணுப் பொறியியல் அப்போது வயல்வரை வந்திருக்கவில்லை. களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு புகுத்திய கனோலா வகைகள் 1995 முதல்தான் கனடாவில் பயிராகின்றன. இன்று அந்நாட்டில் பயிராவதில் மிகப் பெரும்பாலானவை அவையே. அதை விரும்பாதவர் வாங்காமல் இருக்கலாம். ஆனால் எண்ணெயின் குணம் மாறியதற்கு அது காரணமன்று. முதல் உலகப் போரில் வீசிய ‘கடுகு வாயு’வையும் இந்த எண்ணெயையும் முடிச்சுப்போடும் வதந்தியும் உலவுகிறது. அந்த வாயுவில் கடுகும் இல்லை, கடுகின் உறவும் இல்லை. வாடை ஒத்திருந்ததால் வந்த பெயர் அது.

எருசிக் அமிலத்தை ஏன் இவ்வளவு பாடுபட்டு நீக்கினார்கள்? எலிகளுக்கு அதிக அளவில் ராப்சீட்டு எண்ணெயைக் கொடுத்தபோது அவற்றின் இதயத் தசைக்குள் கொழுப்புத் துளிகள் சேர்ந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். 22 அணுக்கள் கொண்ட சங்கிலியை இதயச் செல்கள் எளிதில் எரித்துத் தீர்க்க முடியாததே காரணம். தொடர்ந்து அதே தீனியைக் கொடுத்தால், உடல் ஓரளவு பழகிக்கொண்டு அந்தக் கொழுப்பு குறைகிறது என்பதும் தெரிந்தது. மேலும், எலியின் உடல் இத்தகைய நீண்ட சங்கிலிகளைக் கையாள்வதில் பிற விலங்குகளைவிடப் பின்தங்கியது. ஆகவே எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்தலாமா என்ற விவாதம் அன்றே எழுந்தது. அது இன்னும் முழுமையாக ஓய்ந்துவிடவில்லை.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் இந்தச் சான்றுகளையெல்லாம் தொகுத்து, ஒருவர் நாள்தோறும் அச்சமின்றி உட்கொள்ளத்தக்க அளவாக உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராம் எருசிக் அமிலம் என்று வரையறுத்தது. எலிக்கும் பிறந்த பன்றிக்குட்டிக்கும் தீங்கு தென்படாத மிக உயர்ந்த அளவான 700 மில்லிகிராமை, பாதுகாப்புக்காக நூறால் வகுத்துப் பெற்றது அந்த எண். இதைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அந்த வரம்பு 420 மில்லிகிராம். அவர் ஒரு நாளைக்கு 20 கிராம் கடுகெண்ணெய் உண்டால், அதில் 45 விழுக்காடு என்று கொண்டால் 9 கிராம் எருசிக் அமிலம் உள்ளே போகிறது. வரம்பைப்போல் இருபது மடங்குக்கும் மேல். மேற்கு நாடுகளின் அதிகாரிகள் ஏன் கையை விரிக்கிறார்கள் என்பது இப்போது புரியும். ஆனால் அதே 9 கிராமை அவர் எடையால் வகுத்தால் கிலோவுக்கு 150 மில்லிகிராம்தான். விலங்குகளுக்கே தீங்கு தென்படாத அளவில் அது கால்பங்கைக்கூட எட்டவில்லை. வரம்பைத் தாண்டுவது என்றால் பாதுகாப்புக்கு விட்ட இடைவெளி சுருங்குகிறது என்று பொருள். உடனே நோய் வரும் என்று பொருளன்று. இந்த வேறுபாட்டைப் பெரும்பாலான செய்திக் கட்டுரைகள் விழுங்கிவிடுகின்றன. எனினும் எடை குறைந்த சிறு குழந்தைகளுக்கு இதே கணக்கைப் போட்டால் இடைவெளி விரைவாகச் சுருங்கும். அந்த ஆணையமும் பத்து வயதுக்கு உட்பட்ட, மிகுதியாக உண்ணும் குழந்தைகளைப் பற்றியே கவலை தெரிவித்தது.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்தக் கணக்குக்கெல்லாம் காத்திருக்கவில்லை. எருசிக் அமிலம் மிகுந்த கடுகெண்ணெயைச் சமையல் எண்ணெயாக அது ஏற்பதில்லை. உணவு என்று சொல்லிக் கொண்டுவந்தால் துறைமுகத்திலேயே நிறுத்தும் ஆணை நடைமுறையில் இருக்கிறது. எருசிக் அமிலம் குறைந்த ராப்சீட்டு எண்ணெய்க்கு 1985இல் அது இசைவு தந்தது. ஐரோப்பாவில் பொதுவான தாவர எண்ணெய்களுக்கு 2 விழுக்காடும், கடுகெண்ணெய்க்குச் சற்றுத் தளர்த்தி 5 விழுக்காடும் உச்ச அளவு. இந்தியக் கடுகெண்ணெய் இவற்றில் எதிலும் அடங்காது. ஆகவே இறக்குமதி செய்வோர் ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்று அச்சிட்டு, தலைக்கும் உடம்புக்கும் தேய்க்கும் எண்ணெயாக அதைக் கொண்டுவருகிறார்கள். வாங்குபவரில் பெரும்பாலோர் சமையலுக்குத்தான் வாங்குகிறார்கள் என்பது விற்பவருக்கும் தெரியும்.

வங்காளம், பீகார், ஒடிசா, காஷ்மீர் என்று கோடிக்கணக்கானவர்கள் தலைமுறை தலைமுறையாக இதையே உண்டு வருகிறார்களே என்ற கேள்வி நியாயமானது. 2004இல் வெளியான ஓர் ஆய்வு, புதுதில்லி, பெங்களூரு மருத்துவமனைகளில் மாரடைப்பு நோயாளிகளின் உணவையும் அந்நோய் இல்லாதவர்களின் உணவையும் ஒப்பிட்டது. கடுகெண்ணெயில் சமைத்தவர்களிடம் இதயநோய் குறைவாகவே காணப்பட்டது. அந்த எண்ணெயில் உள்ள ஒமேகா-3 வகைக் கொழுப்பு அமிலம் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். இத்தகைய ஒப்பீட்டு ஆய்வை வைத்து, எருசிக் அமிலம் தீங்கற்றது என்று முடிவு கட்டிவிட முடியாது. கடுகெண்ணெய் உண்பவர்களின் வாழ்க்கையில் வேறு பல நல்லதும் இருந்திருக்கலாம். ஆனால் கொடிய இதய நஞ்சு என்று மிரட்டுகிறவர்களுக்கு அது தக்க மறுப்பு. என் கருத்து இதுதான்: வயது வந்தவர்கள் பிற எண்ணெய்களோடு மாற்றி மாற்றி அளவாக உண்பதில் அஞ்ச ஒன்றுமில்லை, பச்சிளம் குழந்தைகளின் உணவில் அதையே முதன்மை எண்ணெயாக வைப்பது நல்லதன்று.

தாளிப்புக் கடுகைப் பற்றிய கவலையை ஒரே கணக்கில் தீர்த்துவிடலாம். ஒரு தேக்கரண்டிக் கடுகு ஏறத்தாழ 3 கிராம். அதில் எண்ணெய் 40 விழுக்காடு என்றால் 1.2 கிராம், அதில் எருசிக் அமிலம் அரை கிராமுக்குச் சற்றுமேல். நால்வர் உண்ணும் குழம்பில் ஆளுக்கு 135 மில்லிகிராம் வரும். மிகக் கண்டிப்பான ஐரோப்பிய வரம்பில் மூன்றில் ஒரு பங்குதான். அதுவும் கடுகு முழுவதையும் மென்று விழுங்கினால்தான். முழுக்கடுகில் பல செரிக்காமலே வெளியேறிவிடுகின்றன. சாம்பார், பொரியல், சட்னி என்று மூன்று தாளிப்பு வைத்தாலும் கவலைப்படத் தேவையில்லை.

அடுத்து, காரம். கடுகெண்ணெயைப் புகையும்வரை காய்ச்சிவிட்டால் ‘நஞ்சு போய்விடும்’ என்று பலர் நம்புகிறார்கள். காய்ச்சினால் போவது காரம் மட்டுமே. எருசிக் அமிலம் எண்ணெயின் பாதிப்பங்கு, அது எங்கும் போய்விடாது. காரத்துக்குக் காரணம் அல்லைல் ஐசோதயோசயனேட் என்னும் ஆவியாகும் பொருள். வியப்பு என்னவென்றால், முழுக் கடுகில் அது இல்லவே இல்லை. கடுகின் செல்களில் ஒருபுறம் சினிக்ரின் என்னும் குளூக்கோசினோலேட்டும், மறுபுறம் மைரோசினேஸ் என்னும் நொதியும் தனித்தனி அறைகளில் கிடக்கின்றன. விதை நசுங்கி ஈரம் பட்டால்தான் இரண்டும் சந்தித்துக் காரம் பிறக்கிறது. தன்னைக் கடிக்க வரும் பூச்சிக்குச் செடி வைத்திருக்கும் பொறி அது. கடுகு அசுவினி என்னும் பூச்சியோ அந்தப் பொறிக்குப் பழகிப்போய், அதன் வாடையையே வழிகாட்டியாகக் கொண்டு வயலைத் தேடி வருகிறது என்பது வேறு கதை.

நம் சமையல் பழக்கங்கள் இந்த வேதியியலை நன்றாகவே அறிந்திருக்கின்றன. காய்ந்த எண்ணெயில் போட்ட கடுகு, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கிறது. அந்தச் சூட்டில் நொதி செயலிழந்துவிடுவதால் காரம் பிறப்பதற்கு வழியில்லாமல், வறுபட்ட மணம் மட்டும் மிஞ்சுகிறது. அதே கடுகைப் பச்சையாக அரைத்துப் பச்சடியில் விட்டால் மூக்கில் ஏறுகிறது. ஆவக்காய் ஊறுகாயின் உறைப்பில் பாதி மிளகாயுடையது என்றால் மீதி அரைத்த கடுகுடையது. இலங்கையில் வினாகிரியோடு கடுகை அரைத்துப் போடும் அச்சாறும் அவ்வகையே. அரைக்கும்போது வெந்நீர் விட்டால் உறைப்பு வராது, குளிர்ந்த நீரே விட வேண்டும் என்பதற்கும் காரணம் அந்த நொதிதான். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்ற பழமொழியை வேதியியலர் ஒருவரிடம் சொன்னால், சிறுத்தது கிடக்கட்டும், அரைத்தீர்களா என்றுதான் கேட்பார். செக்கில் சூடேற்றாமல் ஆட்டிய கடுகெண்ணெயை வடக்கே ‘கச்சி கானி’ என்கிறார்கள். அதற்குரிய மூக்கைத் துளைக்கும் வாடை, ஆட்டும்போது இப்படிப் பிறந்த காரம் எண்ணெயில் கரைந்து நிற்பதால் வருவது. இந்தப் பொருளை மணமூட்டியாகச் சேர்ப்பதற்கு அமெரிக்காவிலும் தடையில்லை என்பதைக் கவனியுங்கள்.

கடுகெண்ணெயால் உண்மையாகவே மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் கலப்படம். தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் முள்முள்ளான இலையும் மஞ்சள் பூவுமாக நிற்கும் பிரம்மதண்டுச் செடியைப் பார்த்திருப்பீர்கள். குடியோட்டிப் பூண்டு என்றும் சொல்வார்கள். அதன் விதை கறுத்து உருண்டு, பார்வைக்குக் கடுகைப்போலவே இருக்கும். கடுகோடு அது கலந்து ஆட்டப்பட்டால், சாங்குவினரின் என்னும் நஞ்சு எண்ணெயில் சேர்கிறது. அது நுண்ணிய இரத்த நாளங்களை விரித்து நீர்மத்தைக் கசியவிடுகிறது. கால்கள் வீங்கும், மூச்சு வாங்கும், முற்றினால் இதயம் செயலிழக்கும். கொள்ளை நீர்க்கோவை என்று சொல்லத்தக்க இந்நோய் 1877இல் கல்கத்தாவில் பதிவானது. அதன் பின் பலமுறை திரும்பி வந்தது. 1998இல் தில்லியில் மூவாயிரம் பேருக்குமேல் பாதிக்கப்பட்டு அறுபது பேரளவில் இறந்தார்கள். திறந்த டின்களில் எண்ணெயை அளந்து விற்பதற்கு எதிரான கட்டுப்பாடுகள் இறுகியதற்கு அந்தத் துயரம் முக்கியக் காரணம். கடுகெண்ணெயோடு விலை குறைந்த பிற எண்ணெயைக் கலந்து விற்க இந்தியாவில் இருந்த அனுமதியும் 2021 ஜூன் மாதம் முதல் நீக்கப்பட்டது. இது கலப்படத்துக்கு ஒளிந்துகொள்ள இருந்த இடத்தைக் குறைத்தது. கடுகெண்ணெய் வாங்குபவர் எருசிக் அமிலத்தைவிட இதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும் என்பது என் துணிபு.

கனடா செய்ததை இந்தியா ஏன் கடுகில் செய்யவில்லை என்று கேட்கலாம். செய்திருக்கிறது. புதுதில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், எருசிக் அமிலம் 2 விழுக்காட்டுக்கும் குறைந்த பூசா கடுகு 30 என்னும் வகையையும், குளூக்கோசினோலேட்டும் குறைந்த பூசா இரட்டைப் பூச்சியக் கடுகு 31 என்னும் வகையையும் 2010களில் வெளியிட்டது. சிக்கல் விதையில் இல்லை, வயலிலும் சந்தையிலும் இருக்கிறது. விதையில் எந்தக் கொழுப்பு அமிலம் உண்டாகும் என்பதைத் தாய்ச்செடி மட்டும் முடிவு செய்வதில்லை. விதைக்குள் இருக்கும் கருவே முடிவு செய்கிறது, அந்தக் கருவில் மகரந்தம் தந்த செடிக்கும் பாதிப் பங்கு உண்டு. கடுகு பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை உடையதுதான். ஆனாலும் தேனீக்கள் மொய்க்கும் பயிர். பக்கத்து வயலில் பழைய வகை பூத்திருந்தால் அதன் மகரந்தம் ஓரளவு வந்தே தீரும், வந்தால் நல்ல விதைக்குள்ளும் எருசிக் அமிலம் ஏறிவிடும். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று துண்டுபட்ட நிலங்களில், ஊரே ஒருமித்து ஒரே வகையை விதைத்தாலன்றி தூய்மையைக் காப்பது அரிது. விளைந்ததைத் தனியாகப் பிரித்து வாங்கிக் கூடுதல் விலை தருவதற்கு மண்டி வியாபாரியும் ஆயத்தமாக இல்லை. அதைவிடப் பெரிய தடை நாக்கு. குளூக்கோசினோலேட் குறைந்தால் காரமும் குறையும். காரமில்லாத கடுகெண்ணெயை வங்காளிக் குடும்பங்கள் காசு கொடுத்து வாங்குவது கடினம். எருசிக் அமிலத்தை மட்டும் குறைத்துக் காரத்தை விட்டுவைக்கும் முப்பதாம் எண் வகையே இந்தியாவுக்குப் பொருத்தமானது என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

தில்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டல் குழுவினர் உருவாக்கிய டிஎம்எச்-11 என்னும் மரபணு மாற்றுக் கடுகைப் பற்றிய சர்ச்சையையும் இதோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. அது கலப்பின வீரியத்தால் விளைச்சலைக் கூட்டும் நோக்கத்தில் செய்தது; எண்ணெயின் தன்மையை மாற்றுவதற்கன்று. அதற்கு 2022 அக்டோபரில் தரப்பட்ட இசைவைப் பற்றி 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புகளை எழுதினார்கள். உங்கள் கேள்விக்கு அது நேரடியாகத் தொடர்புடையதன்று என்பதால் இத்துடன் விடுகிறேன்.

உங்கள் கையில் இருக்கும் புட்டியைப் பொறுத்தவரை, அதில் இருப்பது பெரும்பாலும் இந்தியாவில் உணவாக விற்கும் அதே எண்ணெயாகவே இருக்கலாம். ஆனால் உணவாக இறக்குமதியாகாத ஒன்றை அந்நாட்டில் உணவாக யாரும் சோதிப்பதில்லை. பிரம்மதண்டு எண்ணெய் கலந்திருக்கிறதா என்பதற்கு அச்சிட்ட தாள் எந்த உறுதியும் தராது. ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத் தலைக்குத் தேய்க்க வைத்துக்கொள்வேன். மீனுக்கு வேண்டிய உறைப்பை வேறு வழியில் பெறலாம். இரண்டு தேக்கரண்டிக் கடுகைப் பச்சைமிளகாயும் சிட்டிகை உப்பும் சேர்த்துக் குளிர்ந்த நீர் விட்டு அரைத்துப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். மீனைக் கனோலா எண்ணெயிலேயே மஞ்சளோடு வேகவைத்து, இறக்குவதற்குச் சற்றுமுன் தீயைத் தணித்து, அந்த விழுதைக் கரைத்து ஊற்றி உடனே மூடிவிடுங்கள். கொதிக்கவிட்டால் காரம் ஆவியாகிப் போய்விடும், கசப்பும் தட்டும். வங்காளச் செக்கெண்ணெயின் மணம் முழுவதும் வராது; மூக்கில் ஏறும் அந்தக் காரம் நிச்சயம் வரும்.